கெட்டிக்காரப் பிள்ளைக்கு அடுத்த படி

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குச் சோதனைக் காலம். தெரிந்த கணக்கையே இருபது தடவை போடச் சொன்னால் சலிப்பு வரும், சலிப்பு சேட்டையாகும். என் பேரனுக்கு "அடங்காதவன்" என்று பள்ளியில் பெயர். நானும் அதை நம்பித் திட்டியவன்தான்.

கும்பகோணத்தில் ராமானுஜன் வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்கள் மூலம் லோனியின் திரிகோணமிதி நூல் அவர் கைக்கு வந்தது. 13 வயதுக்குள் அதைக் கற்றுத் தேர்ந்தார். கூடுதல் வீட்டுப்பாடமல்ல, அடுத்த படிதான் அவருக்குக் கிடைத்தது. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் இத்தகைய மாணவருக்குக் கூடுதல் பாடப்பொருளும் வழிகாட்டுதலும் தரச் சொல்கிறது.

வட்டிக்கு வட்டி போட்டால் முதல் எத்தனை வருஷத்தில் இரட்டிக்கும் என்று பேரனிடம் கேட்டேன். இரண்டு நாள் கடையை விட்டு நகரவில்லை பையன்!

அன்பர்களே, நம் சங்கத்தில் ஆசிரியர்களும் பொறியாளர்களும் இருக்கிறார்கள். ஞாயிறு ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குத் தரலாமே?