முகப்பு விளக்கும் மூச்சு விடும்!

ஜூன் மாதம் பிறந்து மழை பிடித்துக்கொண்டதும், மும்பையில் கார் வைத்திருக்கும் நம் அன்பர்கள் பலருக்கும் ஒரு கவலை வரும். காலையில் பில்டிங் காம்பவுண்டில் நிற்கும் வண்டியைப் பார்த்தால், ஹெட்லைட்டின் உட்புறம் இட்லிப் பானை மூடியைப் போல வியர்த்திருக்கும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் போகாது. மெக்கானிக்கிடம் காட்டினால் ஒருவர், "ஸிலிக்கான் லகா தேதா ஹூம், ஸாப்" என்று பசைக் குழாயை எடுப்பார். இன்னொருவர் விளக்கையே மாற்றச் சொல்வார். சாதாரண விளக்கு சில ஆயிரம் ரூபாய், எல்.இ.டி. வகையென்றால் பல்லாயிரம். பர்ஸைத் திறக்குமுன் விஷயத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம்.

பிரீமியர் பத்மினி, அம்பாசிடர் காலத்தில் ஹெட்லைட் என்றால் வட்டமான கண்ணாடி. பழுதானால் வளையத்தைக் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம். இன்றைய விளக்கு அப்படியல்ல. முன்னால் இருப்பது கண்ணாடியே அல்ல. பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். அதைப் பின்புறப் பெட்டியோடு பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் பெட்டி முழுக்க அடைபட்டதன்று. பின்பக்கத்தில் சிறு ரப்பர் குழாயாகவோ, சல்லடை போன்ற மூடியாகவோ காற்றுத் துளைகள் உண்டு. விளக்கு எரியும்போது உள்ளே காற்று சூடாகி விரிந்து அவ்வழியே வெளியேறும். அணைத்ததும் குளிர்ந்து சுருங்கி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சுருங்கச் சொன்னால், விளக்கு மூச்சு விடுகிறது!

ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் ஊரில் அது இழுக்கும் காற்று எப்படியிருக்கும்? ஈரம் நிறைந்துதான் இருக்கும். இரவில் மழை பட்டு முன்பக்க பிளாஸ்டிக் குளிர்ந்ததும், உள்ளிருக்கும் நீராவி அங்கே படிந்துவிடுகிறது. தில்லியிலும் மார்கழிக் குளிரில் இதே கதைதான். மெல்லிய மூட்டமாக இருந்து, விளக்கைப் போட்டு ஓட்டும்போது கலைந்துவிட்டால் அது நோயல்ல, இயல்பு. பல கார்களின் கையேட்டிலேயே இப்படி எழுதியிருக்கும். எல்.இ.டி. விளக்கில் மூட்டம் கலையச் சற்று நேரமாகும். அதன் சூடு பெரும்பாலும் பின்புற உலோகத் தகட்டுக்குப் போய்விடுவதால், முன்புறம் அவ்வளவாகச் சூடேறாது.

அப்படியானால் எப்போது கவலைப்பட வேண்டும்? துளிகள் திரண்டு கோடாக வழிந்தாலோ, அடியில் தண்ணீர் தேங்கியிருந்தாலோ, நாள் கணக்கில் ஈரம் காயாவிட்டாலோ பழுதுதான். இரண்டு விளக்குகளிலும் ஒரே அளவு மூட்டமென்றால் பெரும்பாலும் இயல்பு. ஒன்று தெளிவாயிருக்க மற்றொன்று மட்டும் நனைந்திருந்தால், அந்தப் பக்கம் எங்கோ வழி திறந்திருக்கிறது என்று பொருள்.

தேங்கிய நீரை அலட்சியம் செய்யக்கூடாது. ஒளியைத் திருப்பி அனுப்பும் வெள்ளிநிறப் பூச்சு கறைபட்டால் பழைய பளபளப்பு திரும்பாது. சூடான ஹாலஜன் பல்பின்மேல் ஒரு துளி தெறித்தால் பல்பு விரிசல் விடலாம். எல்.இ.டி. என்றால் மின்சுற்றே கெடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, துளிகள் ஒளியைச் சிதறடிக்கும். நமக்குப் பாதை மங்கும்; எதிரே வருபவருக்குக் கண் கூசும்.

தீபாவளிக்குக் குடும்பத்தோடு காரிலேயே ஊருக்குப் போகிறவர்கள் நம்மில் உண்டு. புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர் வழியாகச் சென்னைக்குச் சுமார் 1,300 கி.மீ. மும்பையின் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து கிளம்பினால், கிருஷ்ணகிரியைத் தாண்டும்போது வடகிழக்குப் பருவமழை எதிர்கொள்ளும். பின்சீட்டில் குழந்தைகள் உறங்க, இரவு மழையில் கணவாய் இறங்கும்போது அந்த இரண்டு விளக்குகளே நமக்குக் கண். ஆகவே புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

முதலில் ஈரம் எப்படிப் போனது என்று தேட வேண்டும். காய வைப்பது பிறகு. பானட்டைத் திறந்து விளக்கின் பின்புறம் பாருங்கள். பல்பு மாற்றியபின் மூடியைச் சரியாகப் பொருத்தாமல் விடுவது மிகச் சாதாரணமாக நடப்பது. பெரிய எல்.இ.டி. பல்பைத் திணித்து, மூடி போட இடமில்லாமல் விட்டிருப்பதும் உண்டு. ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கலாம். காற்றுக் குழாயைச் சேறோ சிலந்திக் கூடோ அடைத்திருக்கலாம். மழைக்காலத்தில் பானட்டுக்குள் குடியேறும் எலி அதைக் கடித்தும் இருக்கலாம். ரப்பரும் மூடியும் மலிவானவை. பாதி வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும். முன்புறம் விரிசலோ, ஒட்டிய பசை விட்டிருப்பதோ தெரிந்தால் மட்டும் பெரிய வேலை. வாரண்டி இருந்தால் புகைப்படம் எடுத்து ஷோரூமில் காட்டுங்கள்.

வழியை அடைத்தபின் காய வைக்கலாம். விளக்கை அணைத்து, ஆறவிட்டு, வெயிலில் நிறுத்தி, பின்மூடியைச் சில மணி நேரம் திறந்து வையுங்கள். ஹேர் டிரையர் என்றால் குறைந்த சூட்டில், தள்ளிப் பிடித்து. அதிகச் சூட்டில் பிளாஸ்டிக் வளைந்துவிடும். வெள்ளிப் பூச்சைத் துணியால் தொடவே வேண்டாம். ஹாலஜன் பல்பின் கண்ணாடியிலும் விரல் படக்கூடாது; எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் அதிகம் சூடேறிப் பல்பின் ஆயுள் குறையும்.

செய்யக்கூடாதவை மூன்று. காற்றுத் துளைகளைச் சிலிக்கான் பூசி அடைப்பது, மூக்கைப் பொத்துவது போல. உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். தண்ணீர் வடிய அடியில் துளை போடுவதும் வேண்டாம். வடிகிற வழியே தூசியும் நீரும் ஏறும், வாரண்டியும் போகும். மூன்றாவது, ஓடி வந்த சூட்டோடு பிரஷர் பைப்பால் விளக்கைக் கழுவுவது. திடீரென்று குளிரும் பெட்டி ஈரத்தை வேகமாக உறிஞ்சும். தேங்கிய வெள்ளத்தில் வண்டியை இறக்கினாலும் இதுவே நடக்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. கொட்டியதைக் கண்டவர்களுக்கு வெள்ளத்தைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை!

விளக்கைக் கழற்றி மாட்டியிருந்தால், ஒளி விழும் கோணத்தையும் கட்டாயம் சரிபார்க்கச் சொல்லுங்கள். நம் பாதை தெரிந்தால் மட்டும் போதாது. எதிரே வருகிற குடும்பத்துக்கும் பாதை தெரிய வேண்டும் அல்லவா?