அடுத்த நூலைத் தேர்தல்: மிகுபுனைவு நூல்வரிசை ஒன்று காட்டும் நெறி

புனைந்து படைத்த உலகினை நிலைக்களனாகக் கொண்டு, காவியப் போக்கில் பல தொகுதிகளாக விரியும் நெடுங்கதைகளை மிகுபுனைவுத் தொடர்கள் என வழங்குவர். அத்தகைய தொடர் ஒன்றனைக் கற்று முடித்தார்க்கு, ‘இனி எதனைக் கற்பது?’ என்னும் வினா எழுதல் இயல்பு. அவ்வினாவிற்கு விடை காணும் நெறியினை, ஆங்கில நூலுலகில் நிகழ்ந்த ஒரு வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘மோதிரங்களின் தலைவன்’ எனப் பொருள்படும் டோல்கினின் ‘தி லார்டு ஆப் தி ரிங்சு’ 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. எனினும், 1965இல் அமெரிக்காவில் மலிவுப் பதிப்புகள் தோன்றிய பின்னரே அது மாணவரிடையே பெருவழக்குற்றது. கற்றவர் அதனை ஒத்த பிற நூல்களை நாடினர். அன்று அத்தகைய புதுநூல்கள் மிகச் சிலவே. ஆகலின், பாலன்டைன் பதிப்பகத்தார் பழைய நூல்களின்பால் திரும்பினர். லின் கார்ட்டர் என்பாரை ஆலோசகராகக் கொண்டு, 1969 முதல் 1974 வரை ஒரு நூல்வரிசையை வெளியிட்டனர். வில்லியம் மாரிசு 1896இல் வெளியிட்ட ‘உலகின் முடிவிலுள்ள கிணறு’, டன்சனி பிரபு 1924இல் வெளியிட்ட ‘எல்ப்லாந்து மன்னனின் மகள்’ முதலியன அதன்கண் மறுபதிப்புப் பெற்றன. இவர்களுள் மாரிசுக்குத் தாம் கடன்பட்டமையை டோல்கினே குறித்துள்ளார் என்பது கருதத்தக்கது.

இவ்வரிசையால் விளைந்த நன்மைக்கு ஈவாஞ்சலின் வால்டன் என்னும் அம்மையாரின் வரலாறே சான்று. வேல்சு நாட்டு இடைக்காலக் கதைத்தொகுதியாகிய மாபினோகி நான்கு கிளைகளை உடையது. அவற்றுள் நான்காம் கிளையைத் தழுவி அம்மையார் இயற்றிய நூல் 1936இல் வெளிவந்து, போதிய வரவேற்பின்றி மறைந்தது. இரண்டாம் கிளையைத் தழுவிய நூலோ அச்சேறாமலே கிடந்தது. முன்னது 1970இல் ‘வலியோர் தீவு’ என்னும் புதுப்பெயருடன் இவ்வரிசையில் மீண்டும் வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து 1971, 1972, 1974ஆம் ஆண்டுகளில் முறையே இரண்டாம், மூன்றாம், முதற் கிளைகளைத் தழுவிய நூல்களும் வெளிவந்தன. முப்பத்தெட்டு ஆண்டுகளாக முற்றுப்பெறாதிருந்த ஒரு தொடர், கற்போரின் நாட்டத்தால் முழுமையுற்றது.

1977இல் டெரி புரூக்சின் ‘சன்னாராவின் வாள்’ தோன்றியது. இது கதைப்போக்கில் டோல்கினை நெருங்கிப் பின்பற்றுவது, பெரிதும் விற்பனையானது. அதன் பின்னர் இத்தகைய தொடர்கள் பல்கின. இன்றோ நூற்பஞ்சம் இல்லை, தேர்வே அரிதாயிற்று.

முதனூல், வழிநூல், சார்புநூல் என நம் இலக்கண நூலார் கண்ட பகுப்பு ஈண்டுத் துணைசெய்யும். வழிநூலும் இன்பம் பயக்கும். ஆயின், ஒன்றன் சாயலையே மீண்டும் மீண்டும் நாடுவார்க்குச் சலிப்பு விரைந்து தோன்றும். ஆகவே, கற்ற நூலில் தம்மைக் கவர்ந்த கூறு யாதென முதற்கண் தெளிதல் வேண்டும். மொழியின் ஒலிநயம் கவர்ந்ததாயின் டன்சனியையும், அருஞ்செலவின் பெருக்கம் கவர்ந்ததாயின் மாரிசையும், தொன்மத்தின் ஆழம் கவர்ந்ததாயின் வால்டனையும் நாடலாம். பின்னர், அவ்வாசிரியர் தாம் கற்ற நூல்கள் எவை எனத் தேடிச் செல்லலாம். வால்டனைக் கற்றார் மாபினோகியை அடைவது போல.

இத்தேடல் கற்பார்க்கு மட்டும் பயன் தருவதன்று. வினவுவார் இருந்தமையாலன்றோ வால்டனின் நூல் உயிர்பெற்றது? நாடுவார் இல்லாத நூல் எத்துணைச் சிறப்புடையதாயினும் மறைந்தொழியும் என்பது இவ்வரலாற்றாற் பெறப்படும்.