கல்சட்டியைப் பழக்குவோம்

மைசூரில் ஒரு தெரு. தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே வாழ்கின்றன. அந்தத் தெருவில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள்.

அந்த வீட்டு மருமகள் சந்தையில் ஒரு கல்சட்டி வாங்கினாள். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. வீட்டுக்கு வந்ததும் சட்டியைக் கழுவினாள். கேஸ் அடுப்பில் வைத்தாள். தீயைப் பெரிதாக்கினாள். புளிக்குழம்பு கொதித்தது. திடீரென்று "டப்" என்று ஒரு சத்தம். சட்டி இரண்டாகப் பிளந்தது. கொதிக்கும் குழம்பு மேடையெல்லாம் ஓடியது. தரையில் விளையாடிய குழந்தையை அவள் சட்டென்று தூக்கிக்கொண்டாள்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பெரியம்மா ஓடி வந்தார்.

"என்னம்மா, புதுச் சட்டியைப் பழக்காமலா அடுப்பில் வைத்தாய்?"

"பழக்குவதா? அதை எனக்கு யாரும் சொல்லவில்லையே, பெரியம்மா!"

உண்மைதான். யாரும் சொல்லவில்லை. கல்சட்டியைக் காக்கும் முறை எழுத்தில் அதிகம் இல்லை. பாட்டி அம்மாவுக்குச் சொல்வார். அம்மா மகளுக்குச் சொல்வார். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. அதனால் அந்த முறையை இங்கே எழுத்தில் தருகிறோம்.

இது என்ன கல்?

கல்சட்டி மாக்கல்லில் செய்யப்படுகிறது. மாக்கல்லில் டால்க் என்ற தாது இருக்கிறது. முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரின் பெயர் இந்தத் தாதுவிலிருந்து வந்ததுதான். தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை எண் கொடுத்து அளப்பார்கள். வைரத்துக்கு 10. டால்க்குக்கு 1. அவ்வளவு மென்மையானது. அதனால்தான் மாக்கல்லைக் குடைந்து சட்டி செய்ய முடிகிறது.

மைசூருக்கும் இந்தக் கல்லுக்கும் பழைய உறவு உண்டு. மைசூர் மாவட்டத்தில் சோமநாதபுரம் இருக்கிறது. அங்கே உள்ள கேசவர் கோயில் 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சள அரசர் காலத்தில் கட்டப்பட்டது. அதன் நுண்ணிய சிற்பங்கள் மாக்கல் இனத்தைச் சேர்ந்த கல்லில் செதுக்கியவை. 2023-ஆம் ஆண்டில் பேலூர், ஹளேபீடு கோயில்களோடு சேர்த்து இக்கோயிலையும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இன்னொரு செய்தி உங்களுக்கு மகிழ்ச்சி தரும். சிலேட்டில் எழுதும் பலப்பத்தைக் கன்னடத்தில் "பளப" என்கிறார்கள். மாக்கல்லை "பளபத கல்லு" என்கிறார்கள். அதாவது பலப்பக் கல்! நாம் அ, ஆ எழுதிய பலப்பமும் குழம்பு வைக்கும் சட்டியும் ஒரே கல்லின் பிள்ளைகள்.

கல்சட்டியால் என்ன பயன்?

புளிப்பு மாக்கல்லை எளிதில் அரிக்காது. ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும். அலுமினியத்தையும் புளி அரிக்கும். கல்சட்டிக்கு அந்தத் தொல்லை குறைவு. அதனால்தான் வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு, கீரை மசியல் எல்லாம் அதில் வைத்தார்கள்.

கல் மெதுவாகச் சூடாகும். மெதுவாகவே ஆறும். அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு சில நிமிடம் கொதிக்கும். ஆகவே குழம்பு முக்கால் பங்கு ஆனதும் அடுப்பை அணைத்துவிடலாம். மீதி வேலையைச் சட்டி பார்த்துக்கொள்ளும். எரிவாயு மிச்சம்.

சட்டி ஏன் வெடிக்கிறது?

கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவற்றில் ஈரம் தங்கும். திடீரென்று தீ பட்டால் அந்த ஈரம் ஆவியாகும். வெளியே வர வழியில்லாமல் கல்லை நெருக்கும். மேலும், சூடான பொருள் விரியும். அடிப்பகுதி வேகமாகச் சூடாகி விரியும். மேல்பகுதி குளிர்ந்தே இருக்கும். இரண்டும் இழுபறி செய்யும்போது கல் பிளக்கும். சூடான சட்டியில் குளிர்ந்த நீர் ஊற்றினாலும் இதேதான் நடக்கும்.

காரணம் தெரிந்துவிட்டது அல்லவா? இனி முறையும் எளிதில் விளங்கும்.

வாங்கும்போது கவனியுங்கள்

சட்டியை விரலால் தட்டுங்கள். "கிண்" என்று ஒலித்தால் நல்லது. "டொக்" என்று மந்தமாக ஒலித்தால் விரிசல் இருக்கலாம். அடியில் ஓரிடத்தில் நகத்தாலோ ஆணியாலோ லேசாகக் கீறுங்கள். மாக்கல்லில் வெள்ளைப் பொடி வரும். சட்டி கறுப்பாக இருந்தால் பழக்கியது என்று நம்பிவிடாதீர்கள். எண்ணெய் தடவினாலே சாம்பல் நிறக் கல் கறுத்துவிடும். எப்படி இருந்தாலும் வீட்டில் ஒருமுறை பழக்குவதே நல்லது.

பழக்கும் முறை

வீட்டுக்கு வீடு முறை சற்று மாறும். பெரியம்மா சொன்ன முறை இது.

முதல் நாள்: சட்டியை வெறும் தண்ணீரில் கழுவுங்கள். அரிசி களைந்த தண்ணீரை நிரப்பி இரவு முழுவதும் வையுங்கள். மறுநாள் கொட்டிவிட்டு நிழலில் உலர்த்துங்கள்.

அடுத்த மூன்று நாள்: விளக்கெண்ணெயில் மஞ்சள் தூளைக் குழையுங்கள். உள்ளும் புறமும் நன்றாகத் தடவி இரவு முழுவதும் விடுங்கள். காலையில் கடலை மாவு போட்டுக் கழுவுங்கள். எண்ணெய் நுண்துளைகளில் இறங்கும். சட்டியின் நிறம் மாறத் தொடங்கும்.

அதன் பிறகு மூன்று நாள்: வெதுவெதுப்பான வடிகஞ்சியைச் சட்டி நிறைய ஊற்றி வையுங்கள். கொதிக்கும் கஞ்சி வேண்டாம். மறுநாள் கழுவி உலர்த்துங்கள்.

எட்டாம் நாள்: சட்டியில் பாதி தண்ணீர் ஊற்றுங்கள். மிகச் சிறிய தீயில் கால் மணி நேரம் வையுங்கள். அணைத்துவிட்டுத் தானாக ஆற விடுங்கள். அடுத்த இரண்டு நாளும் இதையே செய்யுங்கள். பிறகு சமைக்கலாம். முதலில் நீர் அதிகம் உள்ள குழம்பு வையுங்கள்.

பத்து நாள் பொறுமை வேண்டும். ஆனால் பழகிய சட்டி பல ஆண்டு உழைக்கும்.

அன்றாடம் சமைக்கும்போது

வெறும் சட்டியை அடுப்பில் வைக்காதீர்கள். முதலில் சிறு தீ. பிறகு நடுத்தரத் தீ. அதற்கு மேல் வேண்டாம். தாளிப்பை இரும்புக் கரண்டியில் தனியாகச் செய்து கொட்டுங்கள். கிளற மரக் கரண்டியே நல்லது. இறக்கிய சட்டியை ஈரத் தரையில் வைக்காதீர்கள். பிரிமணையிலோ மரப் பலகையிலோ வையுங்கள். சட்டி வெகு நேரம் சூடாகவே இருக்கும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இன்டக்‌ஷன் அடுப்பில் கல்சட்டி சூடாகாது.

கழுவும் முறை

சட்டி முழுவதும் ஆறிய பிறகே கழுவுங்கள். சோப்பு வேண்டாம். நுண்துளைகளில் சோப்பு தங்கினால் அதன் வாடை குழம்பில் வரும். சீயக்காய்த் தூள் அல்லது கடலை மாவு போதும். தேங்காய் நாரால் தேயுங்கள். கம்பி நார் கல்லைக் கீறும்.

அடிபிடித்துவிட்டதா? சுரண்டாதீர்கள். தண்ணீர் ஊற்றி இரவு முழுவதும் ஊற வையுங்கள். காலையில் அதே தண்ணீரோடு சிறு தீயில் வைத்துச் சூடாக்குங்கள். பிறகு ஆற விட்டு மரக் கரண்டியால் தள்ளினால் பற்று விட்டுவிடும்.

கழுவியதும் துடைத்து, காற்று படும்படி உலர்த்துங்கள். பல நாள் எடுத்து வைக்கப் போகிறீர்களா? லேசாக எண்ணெய் தடவி வையுங்கள். மறுபடி எடுக்கும்போது கழுவி, சிறு தீயில் வெந்நீர் வைத்துவிட்டுச் சமையுங்கள்.

விரிசல் விட்ட சட்டி

ஐயம் இருந்தால் தண்ணீர் நிரப்பி இரவு முழுவதும் காகிதத்தின் மேல் வையுங்கள். காகிதம் நனைந்தால் விரிசல் உண்டு. அந்தச் சட்டியை அடுப்பில் ஏற்றாதீர்கள். கல் உப்பு, புளி போட்டு வைக்கலாம். சூடான குழம்பு யார் மேலாவது கொட்டிவிட்டால் புண்ணில் பற்பசையோ மையோ தடவ வேண்டாம். ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பிறகு மருத்துவரிடம் செல்லுங்கள்.

அந்த மருமகள் பிறகு என்ன செய்தாள்? மீண்டும் பணம் சேர்த்தாள். வேறொரு சட்டி வாங்கினாள். பெரியம்மா சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதினாள். அதை அடுப்படிச் சுவரில் ஒட்டினாள்.

"எனக்கு எழுதத் தெரியாமல் போயிற்று. நெஞ்சில் வைத்திருந்தேன். நீ சுவரில் வைத்துவிட்டாய்" என்றார் பெரியம்மா.

இனி அந்த வீட்டில் "யாரும் சொல்லவில்லையே" என்ற பேச்சு எழாது.

நினைவில் வையுங்கள்

1. மெதுவாகச் சூடாக்கு. மெதுவாக ஆற விடு.
2. சூடான சட்டியில் குளிர்ந்த நீர் ஊற்றாதே.
3. சோப்பும் கம்பி நாரும் வேண்டாம்.
4. விரிசல் விட்ட சட்டி அடுப்புக்கு ஆகாது.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். இரும்புச் சட்டி, மண்சட்டி, அம்மி, ஆட்டுக்கல் ஆகியவற்றை எப்படிப் பழக்குவார்கள்? அவர்கள் சொல்வதை உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள்.