காளான் குறைந்தது கூடைக்காரர்களாலா?

தழைச்சத்தால் கெடக்கூடிய தன் காடு உள்ளிட்ட இயற்கைப் பகுதிகளில் பாதியையாவது 2030 முடிவதற்குள் நெதர்லாந்து அரசு ‘ஆபத்து வரம்பு’க்குக் கீழே கொண்டுவர வேண்டும், தவறினால் ஒரு கோடி யூரோ அபராதம். ஹேக் நீதிமன்றம் 2025 ஜனவரியில் தந்த இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டுப் பல வாசகர்கள் கேட்டது ஒன்றுதான்: மாட்டுச் சாணத்துக்கும் காட்டுக் காளான் குறைந்ததற்கும் என்ன சம்பந்தம்? பறித்துத் தின்றே தீர்த்திருப்பார்கள் அல்லவா?

முதலில் அந்த வரம்பு. காற்றிலிருந்து இறங்கும் தழைச்சத்தை எதுவரை மண் கெடாமல் தாங்கும் என்பதன் கணக்கு அது. அரசு அதை நடத்திய விதம் வேறு. நாளைக்குக் குறையப்போகும் மாசைக் காட்டி இன்றைக்குப் புதுப் பண்ணைகளுக்கு அனுமதி கொடுத்தது. 2019 மே மாதம் உச்ச நிர்வாக நீதிமன்றம் இந்தக் கடன் கணக்கைக் கிழித்தெறிந்தது.

காளான் குறைந்ததன் சூட்சுமம் மரத்தின் வேரில் இருக்கிறது. ஓக், பைன் மரங்களின் நுனிவேர்களைப் பூஞ்சை இழைகள் உறைபோலப் போர்த்தியிருக்கும். வேர் எட்டாத இடுக்கிலிருந்து தழைச்சத்தும் மணிச்சத்தும் கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்கு மரத்திடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். சாணத்திலிருந்து எழும் அம்மோனியா காற்றோடும் மழையோடும் காட்டில் இறங்கினால் தழைச்சத்து மரத்துக்கு இலவசமாகவே கிடைத்துவிடுகிறது. மரம் வேருக்கு அனுப்பும் சர்க்கரையைக் குறைக்கிறது. பூஞ்சை உடனே சாவதில்லை. முதலில் காளான் விடுவதை நிறுத்துகிறது. மேலே இலைகளோ முன்னைவிடப் பச்சையாகத் தெரியும். காடு செழிப்பாகத்தானே இருக்கிறது என்று அதிகாரிகள் சொல்ல இது போதாதா?

பறித்தவர்கள்மீது பழிபோட முடியாததற்குக் காரணம் உண்டு. நெதர்லாந்தின் மணற்பாங்கான காடுகளில் எல்லோரும் விரும்பி உண்ணும் மஞ்சள் சாண்டரெல் மட்டும் குறையவில்லை. யாரும் தின்னாத, அடியில் முள் முள்ளாக இருக்கும் கெட்டிக் காளான்களும் அதே காலத்தில் அருகின. இரண்டும் மரவேரை நம்பி வாழ்பவை. சுவிட்சர்லாந்தில் 29 ஆண்டுகள் பறித்துப் பார்த்த ஆய்விலும் விளைச்சல் குறையவில்லை. ஆனால் மிதிபட்ட இடங்களில் குறைந்தது.

திரும்பி வருமா? மாசு குறைந்த பிறகு நெதர்லாந்தில் இத்தகைய காளான்கள் ஓரளவு மீண்டிருப்பதாக 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது.

நம்மூர்ப் புற்றுக்காளான்? அதை வளர்ப்பது கறையான், மரவேர் அல்ல. அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

அபராதம் யாருக்குப் போகும்? வழக்குப் போட்ட கிரீன்பீஸுக்கு.