ஒஸ்மான் பமுக்கோலு

ஒஸ்மான் பமுக்கோலு (பிறப்பு: 1947) துருக்கியத் தரைப்படையின் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரலும் தேசியவாத அரசியல்வாதியும் ஆவார். 1993 முதல் 1995 வரை, ஈராக், ஈரான் எல்லைகளை ஒட்டிய ஹக்காரி மாகாணத்தில் மலை அதிரடிப் படையணிக்குத் தலைமை தாங்கினார். குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியுடனான போர் மிகக் கடுமையாக நடந்த ஆண்டுகள் அவை. முகாமில் காத்திராமல், கெரில்லாக்களைப் போலவே படையினரும் மலைகளில் இரவுபகலாக நடமாட வேண்டும் என்பது இவரது கொள்கை. 1990களில் தென்கிழக்குத் துருக்கியில் ஆயிரக்கணக்கான குர்தியச் சிற்றூர்கள் வெறுமையாக்கப்பட்டன. தேசியவாதிகளின் புகழுரைகளில் இச்செய்தி அரிதாகவே இடம்பெறும்.

ஓய்வுக்குப் பின் தம் போர் நினைவுகளை நூலாக எழுதினார். 2008 இல் உரிமை மற்றும் சமத்துவக் கட்சியைத் தொடங்கினார். போர்க்களப் புகழ் வாக்குகளாக மாறவில்லை. நாடாளுமன்றம் நுழைய 10 விழுக்காடு வாக்குகள் தேவைப்பட்ட 2011 பொதுத் தேர்தலில் இக்கட்சி ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.