மனக்கலக்கமும் தொய்வும்

பரந்தனில் சூடடிப்புக் காலத்துத் தூசி தொய்வை எழுப்புவதை நாம் அறிவோம். தூசியற்ற வேளையிலும் அது எழுவதேன்? 1886இல் அமெரிக்க மருத்துவர் மெக்கன்சி, ரோசா மலரருகே மூச்சுத் திணறும் பெண்ணொருத்திக்குச் செயற்கை ரோசாவைக் காட்டினார். அப்போதும் அவளுக்கு இழுத்தது! அவள் நடிக்கவில்லை. மனக்கலக்கம் நரம்பு வழியே மூச்சுக் குழாய்களைச் சுருக்கவல்லது. அழுகையும் வேகமூச்சும் அதனை மிகுவிக்கும்.

பெருந்துயர் நேர்ந்தபின் தொய்வுள்ள பிள்ளைகளுக்கு இழுப்பு வரும் வாய்ப்பு மிகுவதை, 2000ஆம் ஆண்டில் 'லான்செற்' இதழில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. 2009இன் இடப்பெயர்வைக் கண்ட எம்மூரார்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

பரீட்சைக்கு முந்திய இரவில் பிள்ளைக்கு இழுத்தால், "படிக்கக் கள்ளம்" என்று ஏசாதீர்கள். நிமிர்த்தி இருத்தி, வைத்தியர் தந்த இன்ஹேலரைக் கொடுங்கள். மனமே காரணமென எண்ணி மருந்தை நிறுத்துவதும் தவறே. இழுப்புத் தணியாவிடில், விடியும்வரை காத்திராது கிளிநொச்சி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.