நூற்றெட்டு இல்லை, நூறு மணி

பெரிய காஞ்சிபுரத்தில் கட்டம் போட்ட தாளில் சேலைப் புட்டாவுக்கு டிசைன் வரைபவரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கட்டம் தவறினாலும் மயிலின் கழுத்து கோணிவிடும். இமயத்துக்கு அப்பால், பனியாறு உருகிப் பாயும் சாங்போ நதிக்கரையை ஒருவர் இப்படித்தான், காலடியை எண்ணி எண்ணி வரைந்தார்.

அவர் நயின் சிங் ராவத், குமாவுன் மலையைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர். அந்நியர் நுழையத் தடையிருந்த திபெத்துக்குள் மாறுவேடத்தில் போனார். ஜபமாலையில் 108 மணிக்குப் பதில் 100 மணிதான். நூறு காலடி நடந்தால் ஒரு மணியைத் தள்ளுவார்; 2,000 காலடி ஒரு மைல். கையில் சுழலும் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரத்துக்குப் பதில் அளவுக் குறிப்புகள். தண்ணீர் எந்த வெப்பநிலையில் கொதிக்கிறது என்று பார்த்தே உயரத்தைக் கணித்தார். 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். திரும்பும் வழியில் சாங்போவின் கரையோரமாகவே மானசரோவர் பக்கம் வந்தார். அந்த சாங்போதான் அசாமில் நாம் பிரம்மபுத்திரா என்றழைக்கும் ஆறு.

நயின் சிங்கை அனுப்பிய, நிலத்தை முக்கோணங்களாக அளக்கும் மாபெரும் முக்கோண அளவைப் பணி தொடங்கியது நம் பக்கத்தில். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அடிவாரத்தில் நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் எஃகுச் சங்கிலி போட்டு முதல் அடிக்கோட்டை அளந்தார். நீளம் சுமார் 12 கிலோமீட்டர். அங்கிருந்து நீண்ட முக்கோணங்களில் ஒரு முனை, மதுராந்தகம் அருகே நம் கருங்குழிக் குன்று.